குறை எங்கே இருக்கிறது?

தமிழில் 'குறை' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. உடம்பில் இருப்பதும் குறை, அதிகாரியிடம் போய்ச் சொல்வதும் குறை. திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர் நாள் நடக்கிறது. அங்கே மனுவோடு வரும் மாற்றுத்திறனாளிகள் பெரும்பாலும் முதல் குறையைச் சொல்லித்தான் இரண்டாவதைத் தொடங்குகிறார்கள். கால் நடக்காது, அதனால் ஸ்கூட்டர் வேண்டும். கண் தெரியாது, அதனால் உதவித்தொகை வேண்டும். கேட்பதில் தவறே இல்லை. அது அவர்களுக்குச் சேர வேண்டியது. ஆனால் அந்த வரிசையில் இருக்கும் யாரோ ஒருவர் ஒரு நாள் வாக்கியத்தைத் திருப்பிப் போடுகிறார்: இந்த அலுவலகத்துக்கு ஆறு படி இருக்கிறது, அதனால் உள்ளே வர முடியவில்லை, வழி செய்யுங்கள். குறை காலைவிட்டு இறங்கிக் கட்டடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உடற்குறையோடு வாழும் ஒருவர் உரிமைக்காக நிற்பவராக மாறத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

இந்தத் திருப்பத்தை ஒரு கொள்கையாக எழுதிவைத்தவர்களும் உடற்குறையோடு வாழ்ந்தவர்களே. பிரிட்டனில் தசைச்சிதைவு நோயோடு பல ஆண்டுகள் காப்பகத்தில் வாழ்ந்த பால் ஹன்ட், 1972 செப்டம்பரில் 'கார்டியன்' நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். காப்பகங்களில் ஒதுக்கப்பட்டவர்கள் ஒன்றுசேர வேண்டும் என்பது அதன் சாரம். அதைப் படித்துவிட்டு வந்து சேர்ந்தவர்களில் விக் ஃபிங்கெல்ஸ்டைன் ஒருவர். தென்னாப்பிரிக்காவில் நிறவெறியை எதிர்த்துச் சிறை சென்றவர். சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். நிறத்தைக் காட்டி மூடப்படும் வாசலைப் பார்த்துப் பழகியவருக்கு, உடலைக் காட்டி மூடப்படும் வாசலை அடையாளம் காண நேரமாகவில்லை. இவர்களுடைய அமைப்பு 1976இல் வெளியிட்ட அறிக்கை உடலின் குறைபாட்டையும் சமூகம் சுமத்தும் முடக்கத்தையும் தனித்தனியே பிரித்தது. 1983இல் மைக் ஆலிவர் என்ற ஆய்வாளர் அதற்கு 'சமூக மாதிரி' என்று பெயர் வைத்தார். அவரும் சக்கர நாற்காலியில் இருந்தவர்தான்.

ஆனால் கொள்கையைப் படித்துவிட்டு யாரும் போராட வருவதில்லை. ஒரு மனிதர் எப்படி அந்த இடத்துக்கு வந்து சேருகிறார் என்பதைப் பார்க்க ஒரு வாழ்க்கையை அருகிலிருந்து பார்ப்பதே நல்லது. அதற்கு அமெரிக்காவின் ஜூடித் ஹியூமனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1947இல் பிறந்தவர் ஹியூமன். பதினெட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது இளம்பிள்ளை வாதம் தாக்கியது. குழந்தையை ஒரு காப்பகத்தில் விட்டுவிடும்படி மருத்துவர் சொன்னார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர்கள். இருவருடைய தாய் தந்தையரும் நாஜிக்களால் கொல்லப்பட்டவர்கள். பிள்ளையைப் பிரித்து எங்கோ அனுப்புவது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். மறுத்துவிட்டார்கள். ஐந்து வயதில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பள்ளியில் சேர்க்கத் தாய் அழைத்துப் போனபோது, தீப்பிடித்தால் இந்தக் குழந்தையின் சக்கர நாற்காலி ஆபத்து என்று சொல்லித் தலைமையாசிரியர் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு சில ஆண்டுகள் வீட்டுக்கு வந்து பாடம் சொல்ல ஓர் ஆசிரியர் ஏற்பாடானார். வாரத்துக்கு மொத்தம் இரண்டரை மணி நேரம். தெருவில் ஒத்த வயதுப் பிள்ளைகள் முழு நாளும் பள்ளியில் இருக்க, இந்தப் பெண்ணின் படிப்பு இவ்வளவுதான்.

இந்த அனுபவம் ஒன்றே அவரைப் போராளி ஆக்கியது என்று எழுதினால் கதை எளிதாக முடிந்துவிடும். உண்மையில் ஒதுக்கப்படுவது பெரும்பாலானோரைப் போராட்டத்துக்குத் தள்ளுவதில்லை. ஒடுங்கிப்போகத்தான் வைக்கிறது. தன் உடம்புதான் காரணம் என்று நம்ப வைக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பாரமாக இருக்கிறோமே என்ற எண்ணம் முதலில் வரும்; கோபம் வருவதற்கு வேறொன்று வேண்டும்.

ஹியூமனுக்கு அது ஒரு கோடைக்கால முகாமில் கிடைத்தது. நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் ஜெனெட் முகாம் என்று ஒன்று இருந்தது. உடற்குறை உள்ள பிள்ளைகளும் இளைஞர்களும் கோடையில் வந்து தங்கும் இடம். ஹியூமன் ஒன்பது வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை அங்கே போனார். வீட்டில் உடை மாற்ற, கழிப்பறை போக உதவி கேட்கும்போதெல்லாம் அம்மாவுக்குத் தொந்தரவு கொடுக்கிறோம் என்று கூசும் பிள்ளைக்கு, எல்லோருக்கும் உதவி தேவைப்படும் இடத்தில் அந்தக் கூச்சம் விலகியது. இரவில் படுக்கையில் கிடந்தபடி தங்கள் பள்ளி, பெற்றோர், பேருந்து, காதல் எல்லாவற்றையும் பேசினார்கள். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு ஒரே மாதிரியான மறுப்பு நேர்ந்திருந்தது. ஒருவருக்கு நடந்தால் அது விதி. பத்துப் பேருக்கு அதே வாசலில் அதே வார்த்தையால் நடந்திருந்தால் அதற்குப் பின்னால் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அந்த முகாமைப் பற்றி 2020இல் வெளிவந்த 'கிரிப் கேம்ப்' ஆவணப்படத்தைப் பார்ப்பவர்களுக்கு, பின்னாளில் வீதிக்கு வந்தவர்களில் எத்தனை பேர் அங்கே சிறுவர்களாகச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் என்பது தெரியும். செயற்பாட்டாளர்கள் உருவாவதற்குத் தனி மனிதரின் மன உறுதியைவிடத் தன்னைப் போன்றவர்களின் கூட்டு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பல்கலைக்கழகம் முடித்ததும் ஹியூமன் ஆசிரியர் உரிமத்துக்கு விண்ணப்பித்தார். எழுத்துத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தேறினார். மருத்துவச் சோதனையில் தடுத்தார்கள். சோதித்த மருத்துவர், கழிப்பறைக்கு எப்படிப் போவாய் என்று காட்டச் சொன்னார் என்று அவர் பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இரண்டு கால்களும் செயலிழந்தவை என்பதே மறுப்புக்குக் காரணம். தீ விபத்து வந்தால் பிள்ளைகளை எப்படி வெளியேற்றுவார் என்ற கேள்வியும் எழுந்தது. ஐந்து வயதில் கேட்ட அதே தீ, இருபத்திரண்டு வயதில் திரும்பி வந்து நின்றது. இளம்பிள்ளை வாதம் வந்தவர் இந்த நாட்டில் ஜனாதிபதி ஆகலாம், பள்ளி ஆசிரியர் ஆக முடியாதா என்று பத்திரிகைகள் கேட்டன. அப்படி ஜனாதிபதியான ரூஸ்வெல்ட்டை எல்லோருக்கும் நினைவிருந்தது.

1970இல் அவர் வழக்குத் தொடர்ந்தார். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நியமிக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண் நீதிபதியான கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லியிடம் அந்த வழக்கு வந்தது. முடிவை மறுபரிசீலனை செய்யும்படி அவர் உரிமத்தை மறுத்த கல்வி வாரியத்துக்குச் சொன்னார். வாரியம் இறங்கி வந்தது. நியூயார்க் நகரப் பள்ளிகளில் சக்கர நாற்காலியில் வந்து பாடம் நடத்திய முதல் ஆசிரியர் ஹியூமன்.

அவர் வேலை கிடைத்ததோடு நின்றிருக்கலாம். தனக்கான மனு வென்றுவிட்டது, இனி நிம்மதியாகப் பாடம் நடத்தலாம் என்று இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் வழக்கு செய்தியானதும் நாடெங்கும் இருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. எனக்கும் இப்படித்தான் நடந்தது என்றன அவை. அதே ஆண்டு அவரும் நண்பர்களும் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். உரிமைச் செயற்பாடு என்று தனியாகப் பெயர் சொல்லத்தக்கது இதற்குப் பிறகு வருவதுதான். தனக்கு ஒரு வாசலைத் திறந்துகொள்வது துணிச்சல். தான் உள்ளே போன பிறகும் அந்தக் கதவு மூடாமல் பிடித்துக்கொண்டு நிற்பது வேறு வேலை. அது சம்பளமில்லாத வேலை, முடிவில்லாத வேலை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை 1977 காட்டியது. அரசு நிதி பெறும் எந்த நிறுவனமும் உடற்குறையைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக்கூடாது என்று 1973இல் இயற்றப்பட்ட மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு சொன்னது. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் அரசு நான்கு ஆண்டுகளாகக் கையெழுத்துப் போடவில்லை. விதி இல்லாத சட்டம் சுவரில் மாட்டிய படம்போல. 1977 ஏப்ரல் 5 அன்று பல நகரங்களில் சுகாதார, கல்வி, நலத்துறை அலுவலகங்களின் முன்னால் போராட்டம் நடந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஹியூமன் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் அலுவலகக் கட்டடத்துக்குள் போய், வெளியே வர மறுத்தார்கள்.

மூன்று வாரத்துக்கு மேல் அவர்கள் அந்தத் தரையில் படுத்தார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தால் படுக்கைப் புண் வரும். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்து. வீட்டில் தூக்கிவிட, திருப்பிப் படுக்க வைக்க ஆள் இருந்தது. இங்கே ஒருவருக்கொருவர்தான் துணை. குளிரில் வைக்க வேண்டிய மருந்துகளுக்குக் குளிர்சாதனக் கருவியின் வாயில் பெட்டியை ஒட்டி ஒரு தற்காலிகக் குளிர்பெட்டி செய்துகொண்டார்கள். கட்டடத்தின் தொலைபேசிகளை அதிகாரிகள் துண்டித்தபோது, காது கேளாத போராட்டக்காரர்கள் ஜன்னலருகே நின்று வெளியே இருந்தவர்களோடு சைகை மொழியில் பேசினார்கள். மற்றவர்கள் ஊமையாக்கப்பட்ட இடத்தில் பேச முடிந்தவர்கள் அவர்கள்தான். உள்ளே இருந்தவர்களில் ஒருவர் பிராட் லோமாக்ஸ் என்ற கறுப்பின இளைஞர்; கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியைச் சேர்ந்தவர், நரம்பு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர். அவர் உள்ளே இருக்கிறார் என்பதால் அந்தக் கட்சியினர் எல்லோருக்குமே சூடான உணவு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நடுவில் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர்கள் விசாரணை நடத்தினார்கள். அரசுத் தரப்பு அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹியூமன் குரல் தழுதழுக்க அவரிடம் சொன்னதன் பொருள் இது: நாங்கள் சொல்வது உங்களுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை; புரிந்ததுபோலத் தலையாட்டுவதை நிறுத்துங்கள். அனுதாபத்தோடு தலையாட்டும் அதிகாரியின் எதிரே உட்கார்ந்து பழகிய எந்த மாற்றுத்திறனாளிக்கும் அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 28 அன்று விதிகளில் கையெழுத்தானது. 1990 ஜூலையில் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் வருவதற்கு அடித்தளம் அதுதான். ஹியூமன் பின்னர் அமெரிக்க அரசின் கல்வித்துறையில் உயர் பொறுப்பு வகித்து, 2023 மார்ச்சில் காலமானார்.

அவருடைய தோழர் எட் ராபர்ட்ஸின் கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. பதினான்கு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்து, இரவில் இரும்பு நுரையீரல் கருவிக்குள் தூங்கியவர். இவருக்கு வேலை செய்யும் தகுதி ஒருநாளும் வராது என்று சொல்லிக் கலிபோர்னியாவின் மறுவாழ்வுத் துறை முதலில் படிப்பு உதவியை மறுத்தது. 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தங்க வைத்த இடம் மருத்துவமனையின் ஒரு பகுதி. 1972இல் பெர்க்லியில் சுதந்திர வாழ்வு மையம் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1975இல் அதே மறுவாழ்வுத் துறைக்கு அவரே இயக்குநராக நியமிக்கப்பட்டார்.

இந்தியாவில் இந்த வழியில் நடந்தவர்களில் ஜாவேத் ஆபிதியின் பெயர் முதலில் வரும். 1965இல் அலிகரில் முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்தவர். பதினைந்து வயதிலிருந்து சக்கர நாற்காலி. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தார். சக்கர நாற்காலியோடு நூலகத்துக்கும் வகுப்புக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய் வந்தவர், 1989இல் தில்லிக்குத் திரும்பினார். உடம்பு அதேதான், ஊர்தான் மாறியிருந்தது. அங்கே முடிந்தது இங்கே முடியாமல் போனால் குறை தன் முதுகுத்தண்டில் இருக்க முடியாது என்பதை அவர் தினமும் அனுபவித்தார். சமூக மாதிரிக்கு இதைவிடத் தெளிவான சோதனை எந்த ஆய்வுக்கூடத்திலும் நடந்திருக்காது.

1993இல் அவரும் மற்றவர்களும் சேர்ந்து உரிமைக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். அதுவரை இந்தியாவில் இந்தத் துறை பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களின் கையில் இருந்தது; பார்வையற்றோருக்கு ஒன்று, காது கேளாதோருக்கு ஒன்று, கால் செயலிழந்தோருக்கு ஒன்று என்று தனித்தனியாக. எல்லோரையும் ஒரே கோரிக்கையின் கீழே கொண்டுவந்ததுதான் அந்தக் குழு செய்த பெரிய காரியம். 1995 டிசம்பரில் தில்லியில் நடந்த போராட்டத்தைத் தொடர்ந்து, அந்த மாதமே மாற்றுத்திறனாளிகளுக்கான இந்தியாவின் முதல் முழுமையான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

ஆபிதியின் அடுத்த போராட்டம் தன் உடம்பிலிருந்தே தொடங்கியது. விமானத்தில் ஏறவும் இருக்கைக்குப் போகவும் சக்கர நாற்காலிப் பயணிகளைத் தூக்கிப் போக வேண்டியிருந்த காலம் அது. வளர்ந்த மனிதரை இரண்டு பேர் மூட்டைபோலத் தூக்கிப் படியேறுவதை மற்ற பயணிகள் நின்று பார்ப்பார்கள். உச்ச நீதிமன்றத்தில் அவர் தொடுத்த வழக்கில் 1998 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஏற்றிச் செல்லும் கருவிகளும், இருக்கைகளுக்கு நடுவே போகும் குறுகிய சக்கர நாற்காலிகளும் வேண்டும் என்ற கோரிக்கை அந்த வழக்கின் வழியாகத்தான் அரசின் கடமையாக மாறியது. இன்று விமான நிலையத்தில் முழங்கால் வலிக்காகச் சக்கர நாற்காலி கேட்கும் பாட்டிகளுக்கும் அந்த வழக்கின் பயன் போய்ச் சேர்கிறது. 

அதற்கு நிகரான இன்னொரு வெற்றி அதிகம் பேசப்படுவதில்லை. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊனம் பற்றிய கேள்வியே இல்லை. எண்ணப்படாதவர்களுக்கு நிதி ஒதுக்கச் சொல்லி யாரிடம் கேட்பது? 2001 கணக்கெடுப்பில் அந்தக் கேள்வியைச் சேர்க்க வைக்க ஆபிதியும் அவரோடு இருந்தவர்களும் விடாமல் போராடினார்கள். சேர்த்தார்கள், 2.19 கோடிப் பேர் கணக்கில் வந்தார்கள். 2011இல் அது 2.68 கோடி, தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம். ஆபிதி 2018 மார்ச்சில் காலமானார். அதற்கு முன்பே 2016ஆம் ஆண்டின் புதிய சட்டத்தைப் பார்த்துவிட்டார். பழைய சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் அதில் இருபத்தொன்றாயின. அரசு வேலையில் இட ஒதுக்கீடு மூன்று சதவீதத்திலிருந்து நான்கானது.

வெற்றிகளை வரிசையாக அடுக்கும்போது மறைந்துபோகும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வேலையின் செலவை அந்த உடம்பே கட்டுகிறது. ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், சக்கர நாற்காலியில் இருக்கும் பெண் முதல் நாள் இரவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். போகிற இடத்தில் தனக்குத் தோதான கழிப்பறை இருக்காது என்று அவருக்குத் தெரியும். காலை ஆறு மணிக்கே எழுந்து, உடை மாற்ற இன்னொருவரின் உதவிக்குக் காத்திருந்து, ஆட்டோக்காரர்கள் இரண்டு மூன்று பேர் மறுத்துவிட்டுப் போன பிறகு ஒருவர் கிடைத்து, பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் கூட்டம் முதல் மாடியில். மின்தூக்கி கிடையாது. மாற்றுத்திறனாளிகளின் அணுகுதல் வசதி பற்றிய கலந்தாய்வுக் கூட்டமே இப்படி மாடியில் நடந்ததுண்டு. மற்றவர்களுக்கு அரை நாள் வேலை என்றால் இவருக்கு அது இரண்டு நாள் உடல்வலி. சிறுநீர்த் தொற்று வந்தால் மருத்துவச் செலவு தனி. தன் உரிமை மறுக்கப்பட்டவர்தான் தன் செலவில், தன் உடல் நோக, அந்த மறுப்பை நிரூபிக்கவும் வேண்டியிருக்கிறது. இதை நியாயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் நடைமுறை இதுதான்.

2012இல் ஜீஜா கோஷ் என்பவருக்கு நடந்ததும் அப்படித்தான். மூளை முடக்குவாதம் உள்ள அவர் மாற்றுத்திறனாளிகள் தொடர்பான ஒரு மாநாட்டுக்காகக் கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்குப் புறப்பட்டார். இருக்கையில் உட்கார்ந்த பிறகு விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2016 மே மாதம் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பானது. நான்கு ஆண்டுகள். உரிமை பேசப் போனவருக்கே இந்த நிலை என்றால், வழக்குப் போட வழியில்லாதவர்கள் எத்தனை பேர் எத்தனை வாகனங்களிலிருந்து இறக்கப்பட்டிருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதனால் உடற்குறை உள்ள ஒவ்வொருவரும் போராட வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. சிலருக்கு அன்றைய நாளைக் கடப்பதே முழு வேலை. சிலர் நல்ல தையல்காரராக, கணக்கராக, அம்மாவாக வாழவே விரும்புகிறார்கள். அவர்கள் யாருக்கும் கடன்பட்டவர்கள் இல்லை. மாற்றுத்திறனாளி என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் கூட்டத்துக்குக் கூட்டம் மேடையேற்றி எல்லோர் சார்பிலும் பேசச் சொல்வதும் சரியில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குச் சாய்தளம் தெரியும். காது கேளாதவருக்குத் தேவை சைகை மொழிபெயர்ப்பாளர், பார்வையற்றவருக்குத் தேவை திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள், அறிவுசார் குறைபாடு உள்ளவருக்குத் தேவை எளிய மொழியும் பொறுமையும். படித்த, நகரத்து ஆணின் குரல் கிராமத்துப் பெண்ணின் குரலாகிவிடாது. நல்ல செயற்பாட்டாளர் தனக்குத் தெரிந்ததைப் பேசிவிட்டு, தெரியாததற்கு உரியவரை முன்னே விடுகிறார். இயக்கத்துக்குள் நடக்கும் சண்டைகளில் பாதி இதை மறந்ததால் வந்தவை.

இன்னொரு கண்ணி, பாராட்டு வடிவத்தில் வருகிறது. ஆண்டுதோறும் உலக மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 வந்தால் தன்னம்பிக்கைக் கதைகள் வரிசை கட்டும். கையில்லாமல் எழுதினார், காலில்லாமல் ஓடினார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்டெல்லா யங், சக்கர நாற்காலியில் வாழ்ந்த பத்திரிகையாளர், 2014இல் ஒரு புகழ்பெற்ற உரையில் இதைக் கடுமையாகச் சாடினார். எவ்வளவு புன்னகைத்தாலும் படிக்கட்டு சாய்தளமாக மாறிவிடாது என்பது அவருடைய வாதத்தின் மையம். காலில்லாமல் மாடியேறியவரைக் கைதட்டிப் பாராட்டும் ஊர், மாடியை அப்படியே வைத்துக்கொள்கிறது. பொன்னாடை போர்த்திக்கொண்டு இறங்கும்போதும் அந்த மனிதர் தவழ்ந்துதான் இறங்க வேண்டும்.

தொண்டும் உரிமையும் ஒன்றுக்கொன்று பகை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் தொடங்கியது. தனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை அதற்கு வைத்தார். சிகிச்சை, பள்ளி, தொழிற்பயிற்சி என்று அது வளர்ந்தது. மாற்றுத்திறனாளி ஒருவரே நிறுவி நடத்தும்போது தொண்டின் தன்மையே மாறுகிறது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பெயர் சொல்லப்படாத பலருடைய விடாமுயற்சியின் விளைவுகளையும் கண்ணால் பார்க்கலாம். 'ஊனமுற்றோர்' என்ற சொல் அரசு ஏடுகளிலிருந்து விலகி 'மாற்றுத்திறனாளி' வந்தது. சொல் மாறினால் போதுமா என்ற கேள்வி நியாயமானது, போதாது. ஆனால் சொல்லும் ஒரு வாசல்தான். சென்னை மெரினாவில் சில ஆண்டுகள் டிசம்பரில் மட்டும் தற்காலிகப் பாதை போட்டு, கடலருகே அழைத்துப்போய், பிறகு பிரித்து எடுத்துவிடுவார்கள். ஆண்டுக்குச் சில நாள் மட்டும்தான் எங்களுக்குக் கடலா என்று மாற்றுத்திறனாளிகள் கேட்டார்கள். 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீளமுள்ள நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. கடலருகே போக முடியாதிருந்தவர்களுக்கு ஒரு வழி பிறந்தது. இரண்டு வாரம் ஆவதற்குள் மாண்டஸ் புயல் அதன் கடலோரப் பகுதியை உடைத்துப் போட்டது. பழுது பார்த்து மறுபடி திறந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நடந்த வழக்குகளுக்குப் பிறகு, புதிய தாழ்தளப் பேருந்துகள் 2024 ஆகஸ்ட்டில் நகரத்தில் ஓடத் தொடங்கின. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தங்கள் 2025இல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறின. மனு கொடுக்க வரிசையில் நின்றவர் மனுவைப் பரிசீலிக்கும் மேசைக்கு வரும் காலம் இது. முடிவெடுக்கும் இடத்தில் எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி முடிவெடுக்காதீர்கள் என்று உலகமெங்கும் இந்த இயக்கம் சொல்லிவந்ததற்கு ஊராட்சி அளவில் கிடைத்த பதில் அது.

பெரும்பாலான நாட்களில் இந்தச் செயற்பாடு நீதிமன்றமோ மறியலோ ஆவதில்லை, அளவுநாடாவும் காகிதமும்தான். முதலில் சொன்ன ஆறு படிகளுக்கே திரும்பலாம். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் ஆறு படிக்கு 90 சென்டிமீட்டர் உயரம். ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்கான விதி. ஆகவே 90 சென்டிமீட்டர் ஏற 10.8 மீட்டர் நீளம் வேண்டும். நடுவே இளைப்பாறத் தட்டையான இடமும், இரு பக்கமும் கைப்பிடியும் வேண்டும். ஆனால் நம் அலுவலகங்கள் பலவற்றில் படிக்குப் பக்கத்திலேயே எட்டடி நீளத்தில் சிமென்டைச் சரித்து ஊற்றிவிட்டு, சாய்தளம் உள்ளது என்று கோப்பில் எழுதிவிடுகிறார்கள். அதில் தனியாக ஏறினால் சக்கர நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். கீழே இரண்டு சக்கர வண்டிகள் நிறுத்தப்பட்டிருக்கும். அதை மீறி மேலே போனால் அந்தப் பக்கக் கதவு பூட்டியிருக்கும், சாவி யாரிடம் என்று தெரியாது. இதைப் புகைப்படம் எடுத்து, அளவைக் குறித்து, சட்டப் பிரிவைச் சொல்லி மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதி, பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு, மறுபடி எழுதுபவர்தான் உரிமைச் செயற்பாட்டாளர். அந்தக் கடிதத்தில் அவருடைய காலைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

அப்படி எழுதப்படும் கடிதங்களுக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. 2016 சட்டத்தின் 45ஆம் பிரிவு, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் பொதுமக்கள் புழங்கும் பழைய கட்டடங்கள் எல்லாவற்றையும் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்கிறது. பார்வைக் குறைபாடு உள்ள ராஜீவ் ரதூரி என்பவர் 2005இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகுதல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2016 சட்டத்தின் விதிகள் அறிவிக்கப்பட்டது 2017 ஜூன் 15. சட்டம் கொடுத்த ஐந்தாண்டுக் கெடு 2022 ஜூன் மாதத்தோடு முடிந்துவிட்டது.